அப்பாயியின் பாட்டும் சேரின் கொப்பியும்

இங்கே அட்டன் நண்பர் ஒருவர், மன்மதன் கதையைச் சொல்லும் காமன் கூத்து ஆடிய வாத்தியாரைப் பற்றி எழுதியிருந்தார். படித்ததும் எங்கள் சேரின் நினைவு வந்துவிட்டது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் எனக்குப் படிப்பித்தவர். பென்சன் எடுத்துப் பதினொரு வருடமாகிறது. காலையில் ஆர்மோனியம், பின்னேரம் லயம் லயமாக (தோட்டத்து வரிசை வீடுகள்) நடை, கையில் பாட்டு எழுத ஒரு சி.ஆர். கொப்பி (நோட்டுப் புத்தகம்).

அவருக்குப் பாட்டு வேறு, சரித்திரம் வேறு இல்லை. யார் பாடினாலும் முதலில் கேட்பது, "இதுல கோப்பி வருதா, தேயிலை வருதா?" கோப்பிக் (காப்பி) கன்று நட்ட மலையைக் காட்டி, அங்கேதான் அண்ணனைப் பறிகொடுத்தேன் என்று சொல்கிற பாட்டு நம் ஆட்களிடம் உண்டு அல்லவா? 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழியத் தொடங்கியது, பிறகுதான் தேயிலை மலையெல்லாம் ஏறியது. அப்படியென்றால் அந்தப் பாட்டு தேயிலைக்கு முந்திய சனத்தின் வாய்ச்சொல் என்பார். இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்தே வந்தவர்களில் பாதையிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். "அவங்களுக்குக் கல்லறை இல்ல தம்பி, பாட்டுதான் இருக்கு" என்று சொல்லும்போது சேரின் குரல் இறங்கிவிடும். பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பது) ஆள் கூப்பிட்ட தப்புப் பறை எப்படி அடிக்கும், சாவுக்கு எப்படி அடிக்கும் என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டுவார். இரண்டையும் நான் இன்றும் பிரித்துச் சொல்வேன்.

மூன்று வருடத்துக்கு முன் அவரை எங்கள் அப்பாயியிடம் (அப்பாவின் அம்மா) கூட்டிப்போனேன். கொழுந்து மலையில் பாடுகிற பாட்டெல்லாம் அப்பாயி சிரித்துக்கொண்டே பாடியது. கடைசியில் ஒரு பாட்டை மட்டும் பாதியில் நிறுத்திவிட்டது.

"அது ஒப்பாரி மாஸ்டரு. வீட்டுக்குள்ள பாடக் கூடாது."

சேர் வற்புறுத்தவில்லை. "சரிக்கா, வாங்க வெளியில போவோம்" என்று கையைப் பிடித்து இஸ்தோப்பை (வாசல் திண்ணை) தாண்டி, பாதையோரக் கல்லில் உட்காரவைத்தார். பனி இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே பாடியது. நான் இவ்வளவு காலம் அதே வீட்டில் இருந்தும் கேட்டறியாத பாட்டு.

செத்தது யார் என்று கேட்டேன். யாரும் சாகவில்லையாம். இந்தியாவுக்குப் போன தங்கச்சிக்காகக் கோச்சி (ரயில்) ஸ்டேசனில் பாடியதாம். தோட்டத்து ஆட்களை இலங்கையும் இந்தியாவும் பங்குபோட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் போன ஒருத்தி. அந்தக் கோச்சியை ஒப்பாரிக் கோச்சி என்று சொல்வதை நான் வெறும் பேச்சாக நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் விளங்கியது.

எந்த வருடம் என்று அப்பாயிக்குத் தெரியவில்லை. சேர் விடவில்லை. அப்போ என்ன சாப்பிட்டீங்க, பாண் (ரொட்டி) கிடைச்சதா என்று மெதுவாகக் கேட்டார். பாணுக்கு விடியமுன்னம் வரிசை நின்றது, பக்கத்து லயத்தில் பசியில் பிள்ளை செத்தது எல்லாம் வந்தது. கொப்பியில் '1973 அல்லது 1974' என்று எழுதி அடியில் கோடு போட்டார். அந்தப் பஞ்சத்தைத் தோட்டத்தில் யாரும் மறக்கவில்லை. ஒரு கிழவியின் பசியிலிருந்து வருடத்தைக் கண்டுபிடிக்கிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பாட்டு முழுதாக இல்லை. அக்கா பாட, கோச்சிக்குள்ளிருந்து தங்கச்சி பதில் பாடினாளாம். அந்தப் பதிலில் இரண்டு வரிக்கு மேல் அப்பாயிக்கு ஞாபகம் வரவில்லை. சேர் அதற்கு ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்.

தங்கச்சி குடும்பம் நீலகிரியில் கூடலூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனதாகக் கேள்வி. அங்கிருந்து இதைப் படிப்பவர்கள் யாராவது இருந்தால், உங்கள் வீட்டுப் பாட்டிகளிடம் கோச்சியில் பாடிய பாட்டு ஏதும் தெரியுமா என்று ஒருக்கா கேளுங்கள். தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள். சேருக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன்.