ப்ளாட்லி சார்ட்டில் இரண்டு கோடுகளுக்கு நடுவே மட்டும் நிறம் நிரப்புவது எப்படி? (டெல்லி பி.எம். 2.5)

ஆர்கேபுரம்_சார்ட்:

வணக்கம். டெல்லியின் ஆர்.கே. புரம், ஆனந்த் விஹார் இரண்டு காற்றுத்தர நிலையங்களின் பி.எம். 2.5 (காற்றில் உள்ள நுண்துகள்) அளவை நவம்பர் முதல் ஜனவரி வரை ஒரே சார்ட்டில் போடுகிறேன். வரையப் பயன்படுத்துவது ப்ளாட்லியின் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. நிலையத்துக்கு மூன்று ட்ரேஸ் (சார்ட்டில் ஒரு கோடாக வரும் தரவுத் தொடர்): அன்றைய குறைந்த அளவு, சராசரி, அதிக அளவு, இதே வரிசையில். குறைந்ததற்கும் அதிகத்துக்கும் நடுவே வெளிறிய பட்டை வர வேண்டும் என்று, அதிக அளவு ட்ரேஸின் ஃபில்லுக்கு (நிறம் நிரப்பும் அமைப்புக்கு) டுநெக்ஸ்ட்ஒய் என்ற மதிப்பைக் கொடுத்திருக்கிறேன்.

பட்டை சராசரிக் கோட்டோடு நின்றுவிடுகிறது. லெஜண்டில் (கோடுகளின் பெயர்ப் பட்டியலில்) ஏதாவது ஒரு கோட்டை மறைத்தால் நிறம் வேறெங்கோ வழிகிறது. கருவி ஓடாத நாட்களிலும் பட்டை தொடர்கிறது. ஓரிடத்தில் தரையைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறுகிறது. இது போக, 60 என்ற வரம்புக் கோட்டைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் வேறு நிறம் வேண்டும். அதற்கு எங்கே தொடங்குவது?

பட்டைக்கோடு:

முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். டுநெக்ஸ்ட்ஒய் என்ற பெயரில் ‘அடுத்தது’ என்று இருந்தாலும், அது நிரப்புவது பட்டியலில் தனக்கு முன்னால் இருக்கும் ட்ரேஸ் வரைக்கும். உங்கள் வரிசையில் அதிக அளவுக்கு முன்னால் சராசரி நிற்கிறது, அதனால் அங்கேயே நின்றுவிடுகிறது. குறைந்தது, அதிகம், அப்புறம் சராசரி என்று மாற்றுங்கள்.

லெஜண்டில் மறைத்த ட்ரேஸ் கணக்கிலிருந்தே போய்விடும். உடனே நிறம் அதற்கும் முந்தைய ட்ரேஸைப் பிடிக்கும். ஆனந்த் விஹாரின் பட்டை ஆர்.கே. புரத்தின் கோடு வரை வழிவது இதனால்தான். முன்னால் ஒன்றுமே இல்லையென்றால் சுழியம் வரை இறங்கும். ஒரு நிலையத்தின் மூன்று ட்ரேஸுக்கும் ஒரே லெஜண்ட்குரூப் பெயர் கொடுத்து, சராசரிக்கு மட்டும் லெஜண்டைக் காட்டுங்கள். தட்டினால் மூன்றும் சேர்ந்தே மறையும், சேர்ந்தே வரும்.

ஓரக் கோடுகள் இரண்டுக்கும் கோட்டின் அகலம் 0. மோட் என்பதில் லைன்ஸ் என்று நீங்களே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால், 20 புள்ளிக்குக் கீழே இருக்கும்போது ப்ளாட்லி தானாகவே புள்ளிகளையும் வரையும். நிறம் தராவிட்டால் கோட்டின் நிறத்தையே பாதி ஒளிபுகும்படி எடுத்துக்கொள்ளும். இரண்டு பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் அது மூன்றாவது நிலையம் போலத் தெரியும். ஆல்ஃபாவை (நிறத்தின் அடர்த்தியை) 0.15 அளவில் வையுங்கள். ஓரங்களின் ஹோவர்இன்ஃபோவுக்கு (மவுஸை வைத்தால் வரும் தகவல் பெட்டிக்கு) ஸ்கிப் கொடுத்து, குறைந்த, அதிக எண்களைச் சராசரியின் கஸ்டம்டேட்டாவில் (கூடுதல் தரவில்) ஏற்றி ஒரே பெட்டியில் காட்டுவது படிப்பவருக்கு நல்லது.

மயூர்விஹார்_டி3:

தரையைத் தொடுவது வேற கதை. சிஎஸ்வி தரவுக் கோப்புல காலியா இருக்கிற கட்டத்தை ஜாவாஸ்கிரிப்ட்டின் நம்பர் ஃபங்ஷனுக்குள்ள விட்டா 0 வரும். பார்ஸ்ஃப்ளோட் ஃபங்ஷன் போட்டா ‘எண் இல்லை’ன்னு வரும். ரெண்டையும் நம்பாம, காலிக் கட்டத்தை முதல்லயே ‘நல்’ (மதிப்பே இல்லைங்கிற குறி) ஆக்கிடுங்க. டெல்லிக் குளிர்காலத்துல பி.எம். 2.5 சுழியம்னு காட்டுற சார்ட் பொய் சொல்ற சார்ட்.

நல் ஆக்கினாலும் கோடு அறுபடும், ஆனா டுநெக்ஸ்ட்ஒய் நிறம் இடைவெளி மேல பாலம் கட்டிடலாம். அதனால பட்டைக்கு நான் டுசெல்ஃப்தான் (ட்ரேஸ் தன் முனைகளைத் தானே மூடி உள்ளே நிரப்புறது) சொல்வேன். தொடர்ச்சியா தரவு இருக்கிற நாட்களை ஒரு துண்டா எடுங்க. அதிக அளவை இடமிருந்து வலமா, குறைந்த அளவை வலமிருந்து இடமா அடுக்கி, துண்டு முடிஞ்சதும் ஒரு நல். அடுத்த துண்டும் அதே மாதிரி, அதே ட்ரேஸுக்குள்ள. ஒவ்வொரு துண்டும் தனித்தனியா மூடின வடிவமாகும். பக்கத்து ட்ரேஸ் எது, மறைஞ்சிருக்கா இல்லையான்னு கவலையே வேண்டாம். இதுல ஹோவர் நிறத்தின் மேலயே வேலை செய்யும், அதனால இங்கேயும் ஸ்கிப் அவசியம். ரெண்டு பக்கமும் தரவில்லாத ஒற்றை நாளுக்குப் பரப்பு கிடையாது, பட்டை தெரியாது. அந்த நாளுக்காகச் சராசரியில் மட்டும் புள்ளியையும் காட்டுங்க.

டி3ங்கிற வேற லைப்ரரிக்குப் போறதா இருந்தா ஏரியாவில் ஒய்0, ஒய்1 கொடுத்து, டிஃபைண்டில் நல் சோதனை வச்சா இவ்வளவும் தானா முடிஞ்சிடும்.

ஆர்கேபுரம்_சார்ட்:

மிக்க நன்றி. டுசெல்ஃபுக்கு மாற்றியதும் லெஜண்ட், இடைவெளி இரண்டும் சரியாகிவிட்டன. 60 கோட்டுக்கு, அதிக அளவை அந்தக் கோட்டில் வெட்டினேன். தாண்டும் இடங்களில் முக்கோணங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன.

பட்டைக்கோடு:

முதலில் எதை ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்பது 2009-இல் அறிவித்த தேசியத் தரத்தின் 24 மணி நேரச் சராசரி வரம்பு. ஆண்டு வரம்பு 40. ஒரு மணி நேர உச்சத்தை 60-உடன் ஒப்பிட்டுச் சிவப்படித்தால் வரம்பை மீறாத நாளும் மீறியதாகத் தெரியும். சராசரிக் கோட்டுக்கு மட்டும் செய்யுங்கள்.

முக்கோணம் ஏறுவது, கோடு 60-ஐ வெட்டும் புள்ளி தரவில் இல்லாததால். முதல் நாள் 48, மறுநாள் 84 என்று வைத்துக்கொள்வோம். 60 − 48 = 12, 84 − 48 = 36, ஆக இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு. புள்ளிகள் நள்ளிரவில் இருந்தால் காலை 8 மணி. அந்த இடத்தில் 60 என்ற புள்ளியை நுழைக்க வேண்டும். நுழைக்காமல் வெட்டினால் மேல்பகுதி முதல் நாளிலிருந்தே ஏறத் தொடங்கும், கீழ்ப்பகுதி மறுநாள் வரை இழுபடும். ஒரே இடைவெளியில் இரண்டு நிறம்.

வெட்டுப்புள்ளி வந்துவிட்டால், மேலே உள்ள ஒவ்வொரு தொடரும் 60-இல் தொடங்கி 60-இல் முடியும். டுசெல்ஃப் அந்த இரண்டு முனையையும் நேர்கோட்டால் மூடும், அடிக்கோடு தனியே தேவையில்லை. துண்டின் தொடக்கமோ முடிவோ 60-க்கு மேலே இருந்தால் மட்டும் அதே நாளில் 60 என்று ஒரு புள்ளி கூடச் சேர்க்கவும். கோட்டு வடிவத்தை ஸ்ப்ளைன் (வளைகோடு) ஆக்காதீர்கள். இந்தக் கணக்கு நேர்கோட்டுக்கு மட்டுமே பொருந்தும்.

மயூர்விஹார்_டி3:

ஒரே நிலையம், ஒரே கோடு போதும்னா சார்ட்.ஜேஎஸ் லைப்ரரி எளிது. ஃபில்லில் டார்கெட்டா 60 மதிப்பைக் கொடுத்து, அபவ், பிலோ ரெண்டுக்கும் நிறம் கொடுத்தா வெட்டுற வேலையை அதுவே செய்யும். தேவையான பகுதிகளை மட்டும் இம்போர்ட் பண்ணினா ஃபில்லர் ப்ளகின்னையும் ரெஜிஸ்டர் பண்ணணும், இல்லாட்டி நிறம் வரவே வராது.

தேதியையும் பாருங்க. 2024-11-01-ன்னு மட்டும் எழுதி டேட் ஆப்ஜெக்ட் ஆக்கினா அது யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு, அதாவது டெல்லியில காலை 5:30. நேரத்தோட எழுதின இன்னொரு தொடர் உள்ளூர் நேரத்துல விழும். பட்டையின் ஓரமும் சராசரிக் கோடும் அஞ்சரை மணி நேரம் விலகி நிக்கும். ரெண்டையும் ஒரே மாதிரி, நேரத்தோட எழுதுங்க.

சிவப்பு–பச்சை ஜோடியைத் தவிர்த்து ஆரஞ்சு–நீலம் வச்சா, நிறக்குறைபாடு உள்ளவங்களும் எந்த நாள் வரம்பைத் தாண்டிச்சுன்னு படிக்கலாம்.

ஆர்கேபுரம்_சார்ட்:

வெட்டுப்புள்ளி நுழைத்ததும் முக்கோணங்கள் போய்விட்டன. தேதியிலும் நீங்கள் சொன்னதேதான் இருந்தது, ஆனந்த் விஹார் தொடரில் மட்டும் நேரம் இல்லை. ஆரஞ்சு–நீலமும் வைத்துவிட்டேன்.