புகார் கொடுத்ததும் மாறுதல், 17(பி) குறிப்பாணை: என்ன செய்யலாம்?

கேள்வி: காரைக்குடியிலிருந்து

சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். பட்டியல் சாதியைச் சேர்ந்தவள். அலுவலகம் நடப்பது வாடகைக்கு எடுத்த பழைய நகரத்தார் வீட்டில். தேநீர் வந்தால் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். எனக்கு மட்டும் காகிதக் கோப்பை, அதையும் மேசைக்குக் கொண்டுவராமல் வளவில், அதாவது உள்முற்றத்தில், ஒரு தூணடியில் வைத்துவிட்டுப் போவார்கள். எழுத்தில் புகார் கொடுத்தேன். அந்த மாதம் முடிவதற்குள் ‘நிர்வாகக் காரணம்’ என்று இளையான்குடிக்கு மாறுதல் வந்தது. கூடவே தாமத வருகைக்காக, ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)யின் கீழ் குறிப்பாணை. அதற்கு முன் வாய்மொழி எச்சரிக்கைகூட வாங்கியதில்லை. புகாரைத் திரும்பப் பெற்றால் எல்லாம் அடங்கிவிடும் என்கிறார்கள். மருத்துவ விடுப்பில் போய்விடலாமா?

பதில்: ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், தேவகோட்டை

புகாரைத் திரும்பப் பெறாதீர்கள் அம்மா. பெற்றால், புகாரே பொய் என்று அதே கோப்பில் எழுதிவிடுவார்கள். குறிப்பாணையும் அப்படியே நிற்கும். விடுப்பும் வேண்டாம். புதிய இடத்தில் சேராமல் இருந்தால் அவர்கள் கையில் ஆயுதத்தைக் கொடுத்தது போல ஆகிவிடும். சேர்ந்துவிட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடுங்கள்.

பழிவாங்கல் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பாவாலேயே 1973இல் உச்ச நீதிமன்றத்தில் அது முடியவில்லை. ஆனால் 2008இல் சோமேஷ் திவாரி வழக்கில், தண்டனைக்குப் பதிலாகப் போட்ட மாறுதல் செல்லாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. உங்கள் பலம் தேதிகளில் இருக்கிறது. புகார் அலுவலகத் தபால் பதிவேட்டில் பதிவான நாள் எது, மாறுதல் கோப்பில் முதல் குறிப்பு எழுதிய நாள் எது? அந்தக் குறிப்புப் பக்கங்களின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

குறிப்பாணைக்குக் கெடுவுக்குள் விளக்கம் கொடுங்கள். தாமத வருகைக்குச் சிறு தண்டனைகளுக்கான 17(ஏ) போதாதா, பணிநீக்கம் வரை போகக்கூடிய 17(பி) எதற்கு என்று அதிலேயே கேளுங்கள். இதை நினைத்தால் எனக்கே கொதிக்கிறது.

பதில்: ஆசிரியர், கானாடுகாத்தான்

தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கும் எழுதுங்கள் அக்கா. அரசியலமைப்பின் 338ஆவது பிரிவு அதற்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. அதிகாரிகளை நேரில் அழைக்கலாம், கோப்பை வரவழைக்கலாம்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா, தம்பி. டம்ளர் விஷயத்தில் சாட்சி சொல்ல ஒருவரும் வர மாட்டார்கள். அதுதான் பயம்.

பதில்: ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், தேவகோட்டை

பழிவாங்கலை நிறுவ அந்தச் சாட்சியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வருகைப் பதிவேடு பேசும். குறிப்பாணையில் சொன்ன அதே நாட்களில் வேறு யார் தாமதம், அவர்களுக்கும் குறிப்பாணை போயிற்றா? 17(பி) விசாரணையில் ஆவணங்களைப் பார்வையிடக் கேட்கலாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணையும் செய்யலாம். பதிவேட்டில் யாரும் கை வைப்பதற்கு முன், பார்வையிட வேண்டும் என்று நாளைக்கே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.