கொக்குவில் வீடு: பிஸ்கற் பேணிக்குள்ள இருந்த துண்டு

வியாழன், இரவு 8:14

ராணி: [படம்]

ராணி: கராஜ் ஒதுக்கேக்க அலுமாரிக்குப் பின்னால பிஸ்கற் பேணியொண்டு. அதுக்குள்ள அரவிந்தன்ர அப்பா துவாயில சுத்தி வைச்சிருக்கிறார். ஆருக்கும் தெரியுமோ இது என்னண்டு?

வசந்தி: பழைய கார்ச் சாமானோ அண்ணி

துஷி: அம்மா தொடாதேங்கோ, ஓரம் வெட்டும்

ராணி: தொட்டாச்சு. உள்ளங்கையளவுதான், பாரமே இல்லை. ஒரு பக்கம் ஆணித்தலை வரிசையா ஆறு. மற்றப் பக்கம் மெழுகுதிரி வழிஞ்ச மாதிரி உருகி உறைஞ்சு கிடக்கு. அடியில ஒரு கடதாசி, இவற்ர எழுத்து. "3.11.1948. திருப்பிக் கொண்டுபோய் வைக்கவேணும்."

நாதன்: 1948 இல சிவம் பிறக்கவே இல்லை

குகன்: மாமி அது பிளேன்ர துண்டு. இங்கிலாந்தில குளொசொப் ஊருக்கு மேல பிளீக்லோ எண்டு ஒரு மலை இருக்கு. அங்க அமெரிக்க விமானப்படையின்ர பி-29 ஒண்டு 1948 கார்த்திகை 3 விழுந்தது. பேர் "ஓவர் எக்ஸ்போஸ்ட்". படம் பிடிக்கிற பிளேன். 1946 இல பிகினித் தீவில அணுகுண்டு வெடிச்சுப் பாத்தவங்களெல்லோ, அதைப் படம் எடுத்ததில இதுவும் ஒண்டு. விழுந்த அண்டைக்குச் சண்டைக்கும் போகேல்லை. லிங்கன்சயரில ஸ்காம்ப்ரனில இருந்து வாறிங்ரனுக்குப் பக்கத்தில பேர்ட்டன்வூட்டுக்குச் சம்பளக் காசும் தபாலும் கொண்டு போனது. அரை மணித்தியாலமும் இல்லாத பறப்பு. முகிலுக்குள்ளால கீழ இறங்கினவங்கள், கீழ மலை நிண்டது தெரியேல்லை. 13 பேரும் முடிஞ்சுது. எரிஞ்சபடியாத்தான் அலுமினியம் அப்பிடி உருகிக் கிடக்கு.

வசந்தி: ஐயோ

துஷி: 13 பேர் 😔

நாதன்: சிவத்துக்கு இது எங்கால?

குகன்: மாமா 90களில வேலைக்கூட்டத்தோட உந்த மலையெல்லாம் நடந்தவர் பெரிய மாமா. உங்களுக்குத் தெரியாதோ?

நாதன்: எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அந்தக் காலம் நாங்கள் கதைக்கேல்லை.

வசந்தி: இப்ப மதில் சண்டைக் கதை வேண்டாம் அண்ணை

நாதன்: நான் மதிலைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே

ராணி: தயவுசெய்து

பூமணி ரீச்சர்: இப்பதான் பாத்தன். இஞ்ச விடியப்புறம். மனுசர் செத்த இடத்துச் சாமான் எத்தினை வருசமா வீட்டுக்குள்ள இருந்தது ராணி?

ராணி: எனக்கே இண்டைக்குத்தான் தெரியும் மச்சாள்

வசந்தி: அதுதான் அந்த வீட்டில ஒருத்தருக்கும் நித்திரை இல்லை போல

துஷி: சித்தி…

வசந்தி: அத்தைமாரைச் சித்தி எண்டு கூப்பிட்டுப் பழகீட்டாள் 😂

துஷி: மாமி மாமி. போன் தானா மாத்துது

அரவிந்தன்: அதை எடுத்தது அப்பா இல்லை.

அரவிந்தன்: நான்தான் எடுத்தனான்.

ராணி: என்னடா சொல்லுறாய்

அரவிந்தன்: எனக்கு ஒன்பது வயசு அம்மா. அப்பாவோட நானும் போனனான். சேத்துக்குள்ள மினுங்கினது, பைக்குள்ள போட்டிட்டன். வீட்டை வந்து அப்பாவிட்டக் காட்டினன், சந்தோசப்படுவார் எண்டு. ஒண்டும் பேசேல்லை. வாங்கிக்கொண்டு போயிட்டார். எறிஞ்சிட்டார் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டு இருந்தனான்.

ராணி: போன மார்கழி ஆஸ்பத்திரியில இருந்து வந்த கையோட கேட்டவர், குகன் எப்ப வருவான் எண்டு. ஒரு இடத்துக்குப் போகவேணும் எண்டார். எங்க எண்டு சொல்லேல்லை.

குகன்: என்னட்டையும் கேட்டவர் மாமி. முழங்கால் சுகமாகட்டும், சித்திரையில போவம் எண்டு நான்தான் சொன்னனான். மாசியில மாமா இல்லை.

வசந்தி: நீ என்ன செய்யிறது தம்பி

குகன்: வாற ஞாயிறு நான் கொண்டு போறன். திங்கள் கார்த்திகை 3. திகதியும் சரியா வருது.

அரவிந்தன்: நானும் வாறன். சனி இரவே வெளிக்கிடுறன்.

பூமணி ரீச்சர்: நீ ஏறக்கூடாது. தேப்பன்ர ஆட்டத்துவசம் முடியேல்லை. கொள்ளி வைச்ச பிள்ளை வருசம் திரும்பாமல் மலை ஏறுறதில்லை.

அரவிந்தன்: மாமி அது கோயில் மலைக்குத்தானே

பூமணி ரீச்சர்: மலை மலைதான்

துஷி: 633 மீற்றர்தான் மாமி. இஞ்சத்த ஆக்கள் இதை மலை எண்டே சொல்லமாட்டினம்

பூமணி ரீச்சர்: 13 பேர் முட்டிச் செத்திருக்கினம், மலை இல்லையாம்

வசந்தி: ஐயரைக் கேப்பம்

ராணி: ஐயர் போன் எடுக்கிறதில்லை. அந்தியேட்டிக்கே மூண்டு நாள் கலைச்சனாங்கள்.

வெள்ளி, காலை 6:40

பூமணி ரீச்சர்: எனக்கு நித்திரை வரேல்லை. ஒண்டு சொல்லுறன். 1974 மார்கழி 4 இரவு, மஸ்கெலியாவில சப்த கன்னியர் மலையில பிளேன் அடிச்சுது. நான் அப்ப ஹற்றன் பக்கம் படிப்பிச்சுக்கொண்டு இருந்தனான். இந்தோனேசியாவில இருந்து ஹஜ்ஜுக்குப் போன சனம், பிளேன் ஓட்டின ஆக்களோட 191 பேர். கட்டுநாயக்காவில இறங்க வந்தது. அடுத்த நாள் வகுப்பில பாதிப் பிள்ளையள் இல்லை. ரெண்டு மூண்டு நாள் கழிச்சு ஒரு பெடியன் கரண்டி ஒண்டு கொண்டுவந்து என்ர மேசையில வைச்சான். பிளேன்ர சாப்பாட்டுக் கரண்டி. ரீச்சருக்கு எண்டான். கொண்டுபோய்க் குடுத்திட்டு வா எண்டு அனுப்பினன். ஆரிட்டக் குடுக்கிறது எண்டு கேட்டான். எனக்குப் பதில் தெரியேல்லை. அந்தப் பிள்ளையின்ர முகம் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

துஷி: மாமி நீங்கள் இதை ஒருநாளும் சொல்லேல்லையே

பூமணி ரீச்சர்: ஆர் கேட்டது

நாதன்: அக்கா எனக்கு அப்ப காயிதம் எழுதினவ. மலையில புகை நிக்குது எண்டு. நான் கொழும்பில நிண்டனான்.

பூமணி ரீச்சர்: அந்தக் காயிதம் வைச்சிருக்கிறியோ நாதன்

நாதன்: ஓம் அக்கா

வசந்தி: ❤️

குகன்: ஆயத்தம் பற்றி ஒருக்கா வடிவா எழுதிறன், வாசியுங்கோ. கார் ஸ்நேக் பாஸ் உச்சியில விடுறது. அந்த றோட்டு பனிக்கும் மண்சரிவுக்கும் பூட்டுறவங்கள், சனி இரவு பாத்துத்தான் சொல்லுவன். றோட்டோரத்தில கொஞ்சக் கார்தான் நிக்கும், அதால ஒரு காரில போவம். அங்க இருந்து பெனைன் வே பாதை. முதல் கல்லுப் பாவியிருக்கு, ஆரும் நடக்கலாம். பிறகு டெவில்ஸ் டைக் எண்டு ஒரு பள்ளத்துக்குள்ளால போகும். அதுக்குப் பிறகு பாதையை விட்டு விலகி ஹேர்ண் ஸ்ரோன்ஸ் பக்கம் வெட்டவேணும். அங்கதான் ஆபத்து. கறுத்த சேறு, வாய்க்கால் வாய்க்காலா வெட்டுப்பட்டு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். புகார் மூடினால் பத்தடிக்கு அங்கால தெரியாது, போன் சிக்னலும் நம்பேலாது. கடதாசி மப்பும் கொம்பாசும் என்னட்ட இருக்கு. போக ரெண்டு மணித்தியாலம், வர ரெண்டு. மணிக்கூடு பின்னுக்கு வைச்சாச்சு, நாலரைக்கு இருட்டிடும். ஒன்பதுக்கு நடக்கத் தொடங்காட்டித் திரும்பிறது.

வசந்தி: சாப்பாடு?

வசந்தி: நான் றோல்ஸ் பொரிச்சுத் தாறன். 30 காணுமோ

துஷி: மரக்கறி றோல்ஸ் எண்டால் எனக்கும்

ராணி: ஆட்டத்துவசத்துக்கு முன்னம் மச்சம் வேண்டாம் வசந்தி

வசந்தி: கிழங்குதான் அண்ணி. போன முறையும் கிழங்குதான், பழி என்னில

குகன்: றோல்சை விடுங்கோ. சப்பாத்து. அரவிந்த், ரெயினர்ஸ் போட்டுக்கொண்டு வராதை.

அரவிந்தன்: அப்பான்ர பூட்ஸ் இருக்கோ அம்மா?

ராணி: இருக்கு. 8. உனக்கு 9 எல்லோ

அரவிந்தன்: பரவாயில்லை, மெல்லிய மேசு போடுறன்

பூமணி ரீச்சர்: அவன் ஏறுறதைப் பற்றி இன்னும் முடிவில்லை

நாதன்: குகன் ஒரு கேள்வி. உங்க கனடா ஆக்களின்ர பிளேனும் விழுந்தது எண்டு பேரப்பெடியன் தேடிச் சொன்னான். உண்மையோ?

குகன்: ஓம் பெரிய மாமா. ஜேம்ஸ் தோர்ண் எண்ட இடம், அதே மலையின்ர மற்றப் பக்கம். கனடா விமானப்படையின்ர லங்காஸ்ரர், 1945 வைகாசி 18. ஐரோப்பாவில சண்டை முடிஞ்சு பத்து நாள். ஆறு பேர். ரெண்டு மாசத்தால, ஆடி 24, அதுக்குக் கிட்டவே அமெரிக்க டக்கோட்டா ஒண்டும் அடிச்சு ஏழு பேர். பீக் டிஸ்ரிக்ட் எண்ட இந்த மலைப்பக்கம் முழுக்க இப்பிடி அம்பதுக்கு மேல கிடக்கு.

நாதன்: சண்டை முடிஞ்ச பிறகோ

குகன்: முடிஞ்ச பிறகு

நாதன்: அந்தத் தாய்மார் பிள்ளை தப்பீட்டான் எண்டு நினைச்சிருப்பினம்

நாதன்: அங்கயும் ஒரு பூ வைக்கேலுமோ. காசு நான் அனுப்புறன்.

குகன்: காசு வேண்டாம். வெளிச்சம் கிடைச்சால் போவம், உறுதி தரேலாது.

துஷி: குகன் அண்ணா, இதைத் திருப்பி வைச்சாப் பிரச்சினை வராதோ? பொலிஸ்?

குகன்: 1986 சட்டம் ஒண்டு இருக்கு, படையினரின்ர பிளேன் விழுந்த இடத்தில லைசென்ஸ் இல்லாமல் ஒண்டையும் அசைக்கவோ எடுக்கவோ கூடாது. வெளிநாட்டுப் பிளேனுக்கும் அதுதான். திருப்பி வைக்கிறதைப் பற்றி நான் பார்க் கந்தோரில கேக்கிறன்.

துஷி: கந்தோர் சனி ஞாயிறு பூட்டெல்லோ. நீங்கள் போறது ஞாயிறு.

குகன்: இண்டைக்கே எடுத்துப் பாக்கிறன்

வசந்தி: கேக்காமல் வைச்சிட்டு வாங்கோவன், ஆர் பாக்கிறது

அரவிந்தன்: இல்லை மாமி. கேட்டுத்தான். சொல்லாமல் எடுத்தாச்சு, சொல்லாமல் வைக்கேலாது.

பூமணி ரீச்சர்: இது சரியான கதை

குகன்: இன்னுமொண்டு. அங்க எஞ்சின், சில்லுக் கால் எல்லாம் இன்னும் அப்பிடியே கிடக்கு. 1988 இல வைச்ச நினைவுக்கல்லும் இருக்கு, சனம் பொப்பிப் பூவும் சின்னச் சிலுவையும் வைச்சிருக்கும். அது சுடலை. ஏறி நிண்டு படம் எடுக்கிறேல்லை. இந்தக் குழுவுக்கு ஒரே ஒரு படம் அனுப்புவன், மாமிக்காக. முகநூலில ஒருத்தரும் போடப்படாது.

நாதன்: சரி

துஷி: சரி

வசந்தி: நான் எங்க முகநூலில போடுறன்

துஷி: 🙂

வெள்ளி, இரவு 9:02

குகன்: கந்தோரில ஆள் எடுக்கேல்லை. ஈமெயில் போட்டிருக்கிறன்.

அரவிந்தன்: பதில் வராட்டி?

குகன்: போவம். கும்பிட்டுக் காட்டிப்போட்டுத் திரும்பக் கொண்டு வருவம். பதில் வந்த பிறகு இன்னொருக்கா போறது.

வசந்தி: ரெண்டு தரம் றோல்சோ

பூமணி ரீச்சர்: அரவிந்தன், கேள். இஞ்ச கோயிலடி ஐயாவைக் கேட்டன். சாமி மலைதான் கூடாதாம், மற்றது அவரவர் மனம் எண்டு சொல்லிப்போட்டார். எனக்கு இன்னும் மனம் ஒப்பேல்லை. அடியில நிண்டு குகனிட்டக் குடுத்துவிடலாம். ஆனால் எடுத்த கைதான் வைக்கவேணும் எண்டும் ஒரு மனம் சொல்லுது. நான் இண்டைக்குச் சரி எண்டும் சொல்லேல்லை, வேண்டாம் எண்டும் சொல்லேல்லை.

அரவிந்தன்: சரி மாமி

குகன்: நாளைக்கு இரவு காலநிலை பாத்துச் சொல்லுறன். காத்து 40 மைலுக்கு மேல எண்டால் ஒருத்தரும் ஏறுறேல்லை.

ராணி: அரவிந், துண்டைத் துவாயோட தரட்டோ, பேணியோட தரட்டோ?

அரவிந்தன்: பேணியோட தாங்கோ அம்மா, நெளியாது

ராணி: பேணியைத் திருப்பிக் கொண்டு வா. கடதாசியையும்.