கிரிவலப் பாதையில் தண்ணீர் பாட்டிலுக்கு வைப்புத்தொகை: மனுவில் என்னென்ன இருக்க வேண்டும்?

அருணைவாசி:
வணக்கம். திருவண்ணாமலையில் கழிவைக் குறைப்பதற்காக இயங்கும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. பௌர்ணமியன்று 14 கி.மீ. கிரிவலப் பாதையில் விற்கும் ஒரு லிட்டர், அரை லிட்டர் பெட் (PET என்ற பிளாஸ்டிக்) பாட்டில்களுக்கு, டாஸ்மாக் பாட்டிலுக்கு வாங்குவதுபோல 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் வேண்டும் என்று ஆட்சியரிடம் மனு கொடுக்க இருக்கிறோம். டாஸ்மாக் பாட்டிலை இப்படித் திரும்ப வாங்கும் நீலகிரியை முன்னுதாரணமாகக் காட்டினால் போதுமா? எவ்வளவு தொகை சரி? கடைக்காரர்கள் எந்த இடத்தில் முரண்டு பிடிப்பார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காலிபாட்டில்:
நீலகிரியைத் தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் அங்கே அது எதனால் நடந்தது என்பதையும் எழுதாவிட்டால் முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார்கள். உடைந்த கண்ணாடி யானைகளின் காலைக் கிழிக்கிறது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022 மே மாதம் திட்டம் தொடங்கியது. விற்பவர் ஒரே ஒருவர், அதுவும் அரசு நிறுவனம். ஸ்டிக்கர் ஒட்டுவதும் பணம் வாங்குவதும் திருப்பித் தருவதும் ஒரே கடைக்குள் முடிந்துவிடும்.

தண்ணீர் பாட்டில் அப்படியில்லை. எத்தனையோ கம்பெனிகள், பெட்டிக்கடை, தள்ளுவண்டி, டீக்கடை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கையில் பாட்டிலோடு வருபவர்கள் வேறு. அதைவிடப் பெரிய சிக்கல், வாங்குகிற இடத்தில் யாரும் குடித்து முடிப்பதில்லை. ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் வாங்கிய பாட்டில் நான்கு கி.மீ. தாண்டித்தான் காலியாகும். "வாங்கிய கடையிலேயே திருப்பு" என்று வைத்தால் திட்டம் அங்கேயே படுத்துவிடும். ஜெர்மனியில் 2003-ல் வைப்புத்தொகை கட்டாயமானபோது சில பெரிய கடைகள் தாங்கள் விற்ற பாட்டிலை மட்டும் வாங்கின. மக்கள் அலைந்து சலித்தார்கள். 2006-ல் எந்தக் கடையில் வாங்கியதையும் எங்கும் கொடுக்கலாம் என்று ஆன பிறகுதான் அது ஒழுங்குக்கு வந்தது. ஆகவே கடைகளை நம்பாமல், கி.மீ.க்கு ஒன்றாகப் பாதையில் 14 மையங்கள், பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் ஒவ்வொன்று, மொத்தம் 16 கேளுங்கள். ஊருக்குக் கிளம்பும் நேரத்தில்தான் பாதிப் பேருக்குக் கையில் இருக்கும் பாட்டில் நினைவுக்கு வரும்.

தொகை: இரண்டு அளவுக்கும் ஒரே 10 ரூபாய். அரை லிட்டருக்கு 5 என்று பிரித்தால் நள்ளிரவுக் கூட்டத்தில் பாட்டிலைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும், சண்டை வரும். தொகை குறைந்தால் பாட்டில் திரும்பாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1971-ல் சட்டம் வந்ததிலிருந்து 5 சென்ட்டாகவே இருந்து, 2016-ல் திரும்பும் அளவு 64 சதவீதம் வரை இறங்கியது. 2017 ஏப்ரலில் 10 சென்ட் ஆக்கினார்கள். அடுத்த ஆண்டே 80-ஐத் தாண்டியது. ஒரு பாட்டிலின் பழைய பிளாஸ்டிக் விலை ஒரு ரூபாய்கூடத் தேறாது. 10 ரூபாய் என்றால் எறிந்த பாட்டிலையும் யாராவது பொறுக்கிக் கொண்டுவருவார்கள். "ஒருவருக்கு இத்தனை பாட்டில்தான்" என்ற வரம்பை மட்டும் யாரும் நுழைக்க விடாதீர்கள். பொறுக்குபவர்களின் பிழைப்பைக் கெடுப்பதோடு திட்டத்தையும் அது கெடுக்கும்.

கடைக்காரர்கள் பயப்படுவது எம்ஆர்பி விஷயத்துக்கு. 20 ரூபாய் அச்சிட்ட பாட்டிலுக்கு 30 வாங்கினால் சட்டமுறை எடையளவுத் துறை வழக்குப் போடலாம். விலை வேறு, திருப்பித் தரும் வைப்புத்தொகை வேறு என்று எழுத்துபூர்வமான அரசு ஆணை இல்லாமல் தொடங்கச் சொல்லவே கூடாது.

எடைத்தராசு:
மனுவுக்கு முன்னால் எண்ணிக்கை வேண்டும். மூன்று பௌர்ணமி, ஒப்பிட ஒரு சாதாரண நாள். பாதையில் 500 மீட்டர் நீளமுள்ள நான்கு துண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றாவது அன்னதானம் நடக்கும் இடமாகவும் ஒன்று கடைகளே இல்லாத இடமாகவும் இருக்கட்டும். மாலை 6 மணிக்குச் சுத்தமாகக் கூட்டிவிட்டு, மறுநாள் காலை 6 மணி வரை விழுந்ததை எல்லாம் எடுத்து வகை பிரித்து வையுங்கள். துப்புரவுப் பணியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் நள்ளிரவிலேயே அள்ளிப் போய்விடுவார்கள், அந்த மாதக் கணக்கு வீண்.

பாட்டிலை எடை போடாமல் எண்ணுங்கள். ஒரு லிட்டர் காலி பாட்டில் சுமார் 20 கிராம்தான். அடியில் 100 மி.லி. தண்ணீர் தங்கியிருந்தாலே 120 கிராம் காட்டும், கணக்கு ஆறு மடங்கு பொய்யாகும். அளவு வாரியாகவும் பிராண்ட் வாரியாகவும் தனித்தனியே எழுதுங்கள். பிராண்ட் பட்டியல் பின்னால் கம்பெனிகளிடம் பணம் கேட்க உதவும். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தட்டு, தண்ணீர் பாக்கெட் எல்லாம் வேறு பட்டியல். அவை 1-1-2019 முதல் தமிழ்நாட்டில் தடையில் இருப்பவை. அவற்றுக்குப் புதுக் கொள்கை கேட்க வேண்டியதில்லை, இருக்கிற ஆணையை அமல்படுத்தச் சொன்னால் போதும். பெட் பாட்டில் அந்தத் தடையில் இல்லை. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் "ஏற்கெனவே தடை இருக்கிறது" என்று ஒரே வரியில் பதில் வந்து கோப்பு மூடிவிடும்.

ஸ்டிக்கரில்தான் பெரும்பாலும் கோட்டை விடுவார்கள். காகித ஸ்டிக்கர் குளிர்பெட்டியில் வைத்தால் வியர்த்து உரிந்துவிடும். பாலிப்ரோப்பிலீன் பிலிம் ஸ்டிக்கராக, குளிரவைக்கும் முன்பே ஒட்டியதாக இருக்க வேண்டும். மூடியில் ஒட்டாமல் பாட்டில் உடம்பில் ஒட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு என்றால் போலி அடிப்பது சுலபம். 2022 யாத்திரையில் கேதார்நாத்தில் செய்ததுபோல ஒவ்வொன்றுக்கும் தனி க்யூஆர் வேண்டும். மையத்தில் ஸ்கேன் செய்தவுடன் பாட்டிலை நசுக்கிவிடுங்கள். நசுக்கி வைத்துவிட்டுப் பிறகு ஸ்கேன் செய்தால் குறி படிக்காது. நசுக்காமல் குவித்தால் இடம் போதாது. ஒரு கனமீட்டர் சாக்கில் நசுக்காத ஒரு லிட்டர் காலி பாட்டில் சுமார் 600தான் கொள்ளும், எடை வெறும் 12 கிலோ.

மறுசுழற்சி ஆலையில் மூடி தொல்லையில்லை. அது தண்ணீரில் மிதக்கும், பெட் மூழ்கும், தானாகப் பிரிந்துவிடும். மூடியைச் சுற்றிய பிவிசி (வேறு வகைப் பிளாஸ்டிக்) உறை மட்டும் பெட்டோடு சேர்ந்து மூழ்கி, உருக்கும்போது கருகிக் கரும்புள்ளியாக வரும். அந்த உறையை மையத்திலேயே கிழித்துப் போட ஒரு தனிப் பை வையுங்கள்.

நீர்ப்பந்தல்:
எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. வைப்புத்தொகை பாட்டிலைத் திரும்பக் கொண்டுவரும், விற்பனையைக் குறைக்காது. அறக்கட்டளையின் நோக்கம் குறைப்பு என்றால் மனுவின் முதல் கோரிக்கை குடிநீராக இருக்க வேண்டும்.

500 மீட்டருக்கு ஒரு இடம், மொத்தம் 28. ஒவ்வொன்றிலும் 6 குழாய், ஆக 168. பாட்டிலைத் திறந்து நிரப்பி நகர ஒருவருக்கு 20 விநாடி பிடித்தால் குழாய்க்கு மணிக்கு 180 பேர், மொத்தம் மணிக்கு 30,240 லிட்டர். 12,000 லிட்டர் லாரி மணிக்கு இரண்டரை. செய்ய முடியாத காரியமில்லை. மக்கள் தயங்குவது தண்ணீரின் மேல் நம்பிக்கை இல்லாததால்தான். ஒவ்வொரு தொட்டியின் கடைசிக் குழாயிலும், கிருமியைக் கொல்லக் கலந்ததில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று சோதித்து, நேரத்தோடு பலகையில் எழுதி வையுங்கள். குழாய் உயரமும் முக்கியம்: வாய்க்கும் மேடைக்கும் 35 செ.மீ. இடைவெளி இல்லாவிட்டால் பெரிய பாட்டில் நுழையாது.

அருணைவாசி:
மூவருக்கும் நன்றி. குடிநீரை முதல் கோரிக்கையாக வைக்கிறோம். இன்னொன்று: திரும்பி வராத பாட்டில்களின் பணத்தை எங்கள் அறக்கட்டளையே வைத்து மையங்களை நடத்தலாமா?

கணக்கர்:
வேண்டாம் சார். பாட்டில் திரும்பாவிட்டால் உங்களுக்கு லாபம் என்ற நிலையில் ஒருநாளும் உட்காராதீர்கள். அந்தப் பணம் ஆட்சியர் பொறுப்பில் தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும், நீங்கள் மாதாமாதம் கணக்கைக் கேட்டு வெளியிடுபவர்களாக இருங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்படி மிஞ்சும் தொகையில் 75 சதவீதம் மாநில நிதிக்கு, 25 சதவீதம் கடைகளுக்கு என்று சட்டத்திலேயே பிரித்திருக்கிறார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஓர் இரவில் ஒரு லட்சம் பாட்டில் என்று வைத்தால் வைப்புத்தொகை 10 லட்சம். 85 சதவீதம் திரும்பினால் மிஞ்சுவது 1,50,000. செலவு: 16 மையம், மூவர், இரண்டு ஷிப்ட், ஆளுக்கு 700 ரூபாய் என்றால் 67,200. கடைக்காரருக்குக் கையாளும் கூலி 50 பைசா வீதம் 50,000. ஸ்டிக்கருக்கும் வண்டிக்கும் 32,800 மிஞ்சும், இழுத்துப்பிடித்து ஓட்டலாம். ஆனால் 95 சதவீதம் திரும்பினால் மிஞ்சுவது 50,000தான், கூலிக்கே போதாது. நன்றாக நடக்க நடக்கப் பணம் வற்றும் திட்டம் இது. அதனால் கம்பெனிகளின் பங்கை இப்போதே கேளுங்கள். பிளாஸ்டிக் கழிவைத் திரும்பச் சேகரிப்பது கம்பெனிகளின் பொறுப்பு என்று மத்திய அரசு 2022 பிப்ரவரியில் வெளியிட்ட உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதல்களில் வைப்புத்தொகைத் திட்டம் நடத்தலாம் என்று இருக்கிறது, கட்டாயமில்லை, "லாம்"தான். உங்கள் பிராண்ட் பட்டியல் அங்கேதான் பேசும்.

ஜிஎஸ்டி பற்றிக் கேட்பார்கள். மத்திய ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 2(31)-ன்படி வைப்புத்தொகை, விலையாக ஈடுகட்டப்படும் வரை விலை ஆகாது. ரசீதில் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சில்லறை. அத்தனை கூட்டத்தில் போன் சிக்னல் திணறும், யுபிஐ-யை மட்டும் நம்ப முடியாது. ஸ்கேனரும் இணையம் இல்லாமல் பதிந்துகொண்டு பிறகு சேர்க்கும் வகையாக இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஒரே எண் இரண்டு மையத்தில் நுழையாமல் இருக்கத்தான் உடனே நசுக்கச் சொல்கிறார் எடைத்தராசு. மையத்துக்கு 5,300 பாட்டில் என்றால் 53,000 ரூபாய் ரொக்கம் வேண்டும். 10 ரூபாய் நாணயத்தை வாங்க இன்னும் சிலர் தயங்குவார்கள், நோட்டுக்கு இரண்டு வாரம் முன்பே வங்கியில் எழுதிக் கொடுங்கள்.