ஃபார்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் புரோகிராம்) இன்டர்வியூவில் இன்னும் உங்களை உறுத்தும் கேள்வி எது?

ஓசூர்ரோடு
பெங்களூர், எலக்ட்ரானிக் சிட்டி. கம்பெனி பெயர் வேண்டாம். சிப் 8 பிட் ஏவிஆர் (ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வகை), டைமர் இன்டரப்டில் (ஓடும் வேலையை நடுவில் நிறுத்திவிட்டு ஓடும் சின்ன வேலை) ஒரு 16 பிட் கவுண்டர் ஏறுகிறது, மெயின் லூப் அதைப் படிக்கிறது. இன்டர்வியூ எடுத்தவர் இதை ஒயிட்போர்டில் எழுதிவிட்டு "என்ன குறை?" என்றார். வாலடைல் (ஒவ்வொரு தடவையும் மெமரியிலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல்) இல்லை என்றேன். "சரி, போட்டாச்சு. இப்போ?" இன்னும் சரியில்லை சார், இந்தச் சிப் 16 பிட்டை இரண்டு தடவையாகத்தான் படிக்கும், நடுவில் இன்டரப்ட் வந்தால் பாதி பழையது, பாதி புதியது என்றேன். மார்க்கரை வாங்கி எழுதியே காட்டினேன். கவுண்டர் 255. கீழ் பைட்டைப் படித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து இன்டரப்ட், கவுண்டர் 256. அப்புறம் மேல் பைட்டைப் படித்தால் கையில் கிடைப்பது 511. அவர் அந்த 511-ஐ டஸ்டரால் அழித்துவிட்டு, "வாலடைல் போட்டால் அதெல்லாம் வராது, அடிப்படையே தெரியவில்லையே" என்றார். அழித்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிட்மாஸ்க்
நண்பரே, உங்களைச் சோதித்திருப்பார். தப்பாகச் சொல்லிப் பார்த்து, ஆள் பின்வாங்குகிறாரா என்று கவனிப்பவர்கள் உண்டு. இன்னொன்று, கார்டெக்ஸ்-எம் என்ற 32 பிட் சிப்பிலேயே காலம் தள்ளியவருக்கு 32 பிட் வரை ஒரே தடவையில் படித்துப் பழக்கம். அங்கே வெறுமனே படிக்க மட்டும் என்றால் அவர் சொன்னது சரிதான். இன்டரப்டை நிறுத்தி, காப்பி எடுத்து, திரும்பத் திறப்பேன் என்று தீர்வையும் சொல்லியிருக்கலாம்.

ஓசூர்ரோடு
8 பிட் என்று போர்டில் எழுதியதே அவர்தான். நீங்கள் சொல்லும் தீர்வையும் சொன்னேன். சோதனை என்றால் கடைசியிலாவது சொல்ல வேண்டும். தப்பான பதிலோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதைச் சோதனை என்று நான் ஏற்க மாட்டேன்.

கிண்டி_ஸ்கோப்
எனக்குக் கேள்வியே கேட்கவில்லை. ஒரு போர்டையும் ஸ்கோப்பையும் (மின் சிக்னலைத் திரையில் காட்டும் கருவி) மேஜையில் வைத்து, "சென்சார் பேசவில்லை, பாருங்க மேடம்" என்றார்கள். புரோகிராமை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ப்ரோபை எடுத்தேன். ஐ2சி (சிப்பும் சென்சாரும் டேட்டா, கிளாக் என்று இரண்டு லைனில் பேசும் முறை) டேட்டா லைன் தரையோடு, 0 வோல்ட்டில் கிடக்கிறது, கிளாக் மேலே நிற்கிறது. சென்சார் பதில் அனுப்பிக்கொண்டிருக்கும்போது மைக்ரோகன்ட்ரோலர் மட்டும் ரீசெட் ஆகியிருக்கிறது. மிச்சப் பிட்டுக்கான கிளாக் வரும் என்று சென்சார் லைனைப் பிடித்துக்கொண்டே காத்திருக்கிறது. கிளாக் பின்னை ஜிபிஐஓ (புரோகிராமே நேரடியாக ஏற்றி இறக்கும் பின்) ஆக்கி 9 துடிப்பு கொடுத்து, பேச்சு முடிந்தது என்று சொல்லும் ஒரு ஸ்டாப் சிக்னல் போடச் சொன்னேன். அங்கேயே புரோகிராமில் சேர்த்து ஓட்டினார்கள். டேட்டா லைன் சட்டென்று 3.3 வோல்ட்டுக்கு ஏறியது. பக்கத்தில் நின்றவர் உடனே போனை எடுத்து, "புரொடக்ஷன் லைன்ல நிக்கிற போர்டுக்கு வழி கிடைச்சாச்சு" என்றார். அப்போதுதான் புரிந்தது, அது தேர்வுக்கு வைத்த போர்டே இல்லை. அதற்குப் பிறகு ஒரு மெயில்கூட வரவில்லை. மற்றதெல்லாம் மறந்துபோச்சு, அந்த போன் பேச்சு மறக்கவில்லை.

வாட்ச்டாக்_அண்ணன்
என்னிடம் வாட்ச்டாக்கை (குறித்த நேரத்துக்குள் கிக் வராவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) எங்கே கிக் செய்வாய் என்று கேட்டார்கள், சொன்னேன், வேலை கிடைத்தது. புதிதாகப் போகும் தம்பி தங்கைகளுக்குச் சில விஷயம். டைமர் இன்டரப்டில் கிக் செய்வேன் என்று சொல்லாதீர்கள். மெயின் லூப் செத்துக் கிடந்தாலும் இன்டரப்ட் ஓடிக்கொண்டே இருக்கும், வாட்ச்டாக் வைத்ததற்கே பொருள் இல்லை. ஒவ்வொரு டாஸ்க்கும் தன் பிட்டை ஏற்றட்டும், எல்லாம் ஏறியிருந்தால் மட்டும் ஒரே இடத்தில் கிக். ஆர்டிஓஎஸ் (பல டாஸ்க்குகளை முன்னுரிமைப்படி ஓட்டும் ஓஎஸ்) பற்றிக் கேள்வி வந்தால், செவ்வாயில் இறங்கிய 1997 மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கதையைக் காரணத்தோடு தெரிந்துகொள்ளுங்கள். வானிலைத் தரவு டாஸ்க் முன்னுரிமை குறைந்தது, அது ஒரு மியூடெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) பிடித்திருந்தது. முன்னுரிமை கூடிய பஸ் டாஸ்க் (விண்கலத்துக்குள் தரவைக் கடத்துவது) அதற்காகக் காத்து நின்றது. நடுத்தர டாஸ்க்குகள் புகுந்து ஓடியதில் வானிலை டாஸ்க்குக்கு மியூடெக்ஸை விட நேரமே கிடைக்கவில்லை, விண்கலம் ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தது. பூமியிலிருந்து பிரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸை (மியூடெக்ஸைப் பிடித்த டாஸ்க்குக்கு, காத்து நிற்கும் டாஸ்க்கின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுப்பது) இயக்கிச் சரிசெய்தார்கள். கிண்டி தங்கச்சி, இனி போர்டைத் தொடும் முன் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிடுங்கள்.