லிட்டருக்கு 11.5-லிருந்து 8.2-க்கு: எங்கள் ஏழு இருக்கை வண்டியின் பெட்ரோல் செலவைச் சரிசெய்த அனுபவம்

மைலேஜ் குறைந்த தொல்லையை ஆறு மாதம் பட்டு, கடைசியில் இரண்டு சிறிய பாகங்களில் அதன் காரணத்தைக் கண்டுகொண்டவன் என்பதால் இதை எழுதுகிறேன். எங்களுடையது 2019-இல் வாங்கிய, ஏழு பேர் அமரக்கூடிய பெட்ரோல் எஸ்யூவி. மதுரைக்குள் அன்றாட ஓட்டமும், மாதம் ஒருமுறை திருச்சியில் இருக்கும் பெற்றோரைப் பார்த்துவரும் பயணமும் சேர்ந்து லிட்டருக்கு 11.5 கிலோமீட்டர் கொடுத்துவந்த வண்டி அது.

பங்கில் வழக்கத்தைவிட அடிக்கடி நிற்க நேர்ந்தபோதுதான் சந்தேகம் வந்தது. டேஷ்போர்டுத் திரை 9.6 என்று காட்டியது. அதை நம்பாமல், ஒரே பங்கில் ஒரே பம்பில் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி அங்கேயே அதேபோல் நிரப்பினேன். 412 கிலோமீட்டருக்கு 50.2 லிட்டர் பிடித்தது. அதாவது லிட்டருக்கு 8.2 கிலோமீட்டர்தான். திரையில் வரும் எண் ஒரு கணிப்பே என்பதால், மைலேஜ் குறைந்துவிட்டது என்று யார் சொன்னாலும் முதலில் இப்படி அளந்து பார்க்கும்படி வேண்டுகிறேன்.

“எல்லாம் இ20 பெட்ரோலால் வந்தது” என்றுதான் நண்பர்கள் பலரும் சொன்னார்கள். இ20 என்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்பதால், பத்து சதவீதக் கலப்பிலிருந்து இருபதுக்கு மாறும்போது கணக்குப்படி மூன்று, நான்கு சதவீதம் குறையலாம். அப்படிப் பார்த்தால் 11.5 என்பது 11.1 ஆகியிருக்க வேண்டுமே தவிர, 8.2-க்கு இறங்கியிருக்கக் கூடாது. நான் முதலில் காட்டிய பணிமனையில் எதையும் அளக்காமலேயே எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் நான்கையும் மாற்றச் சொன்னார்கள். காரணம் தெரியாமல் பாகம் மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. டயர்களில் 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய காற்று 27-தான் இருந்தது. அதைச் சரிசெய்து, ஏர் ஃபில்டரையும் மாற்றினேன். சற்றே முன்னேற்றம் தெரிந்தது, அவ்வளவுதான்.

அதன்பின் வண்டியின் கணினித் தகவல்களைப் படிக்க உதவும் ஓபிடி இணைப்பில் செருகி, புளூடூத் வழியே கைப்பேசியில் தகவல் காட்டும் சிறு கருவியை வாங்கினேன். அடுத்த திருச்சிப் பயணத்தில், நான்குவழிச் சாலையில் சீராக 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்க, பக்கத்தில் இருந்த மகள் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் வெப்பநிலையை வாசித்துக்கொண்டே வந்தாள். மேலூரைத் தாண்டியபோது 66 டிகிரி, துவரங்குறிச்சியில் 64, விராலிமலை அருகிலும் அதே அளவு. சுங்கச்சாவடியில் வரிசையில் நின்றபோதுதான் அது 80-ஐ நோக்கி ஏறியது. வண்டி நகர்ந்து முகப்பில் காற்று பட்டதும் மீண்டும் இறங்கிவிட்டது. 80-க்கு மேலேயே நிலைத்திருக்க வேண்டிய எஞ்சின், சூடேறும்வரை கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் என்ற வால்வு மூடாமல் திறந்தபடியே சிக்கிக்கொண்டதால், ஓட்டம் முழுவதும் குளிர்ந்தே கிடந்திருக்கிறது. எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று கருதிய கட்டுப்பாட்டுக் கணினி, தேவைக்கு மேல் பெட்ரோலைச் செலுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் வண்டியில் வெப்பநிலை முள் கிடையாது. ஒரு நீல விளக்கு மட்டுமே உண்டு, அதுவும் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதற்கு முன்பே அணைந்துவிடும்.

கருவி இல்லாதவர்கள் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, விசிறியிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கையை விலக்கி, ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பார்க்கலாம். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால், எஞ்சின் சூடாகும்வரை குழாய் குளிர்ச்சியாகவே இருந்து, பிறகு சட்டென்று சுடும். சிக்கியிருந்தால் தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகும். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள்.

இரண்டாவது காரணத்தைக் காட்டிக்கொடுத்தவர் என் அம்மா. அதே பயணத்தில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், பின்சக்கரத்தின் பக்கமிருந்து கருகிய வாடை வருகிறதென்று சொன்னார். அருகே கையைக் கொண்டுபோனபோதே அனல் அடித்தது. பக்கத்து வீட்டு ஏசி மெக்கானிக்கிடம் தொடாமலே வெப்பம் அளக்கும் கருவி இருந்தது; மற்ற மூன்று சக்கரங்களின் பிரேக் டிஸ்க்குகள் 50 டிகிரியை ஒட்டி இருக்க, இடது பின்சக்கரத்தில் மட்டும் 118 காட்டியது. மறுநாள் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றிப் பார்த்தபோது அந்தச் சக்கரம் அரைச் சுற்றிலேயே நின்றுவிட்டது. பிரேக் பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் நகர உதவும் பின்களில் கிரீஸ் வற்றித் துருவேறியிருந்ததால், மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை விடவில்லை. எரிபொருள் செலவைவிட இதுதான் என்னைக் கலங்க வைத்தது; ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கியிருந்தால் அந்தப் பிரேக் சூட்டில் பிடிமானத்தையே இழந்திருக்கக்கூடும்.

மதுரைக்குத் திரும்பி, எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் தெர்மோஸ்டாட், புதிய கூலண்ட், காலிப்பர் பின்கள், பின்பக்க பேட்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். கூலியோடு சேர்த்து 7,200 ரூபாய் ஆயிற்று. எப்போதோ சுற்றுலாவுக்காகப் பொருத்தி, கழற்றாமலே விட்டிருந்த மேல் கேரியரையும் எடுத்துவிட்டேன். அடுத்த பயணத்தில் கூலண்ட் 88 டிகிரியில் அசையாமல் நின்றது. அதே பங்கில் நிரப்பி அளந்தபோது 438 கிலோமீட்டருக்கு 39.1 லிட்டர், அதாவது லிட்டருக்கு 11.2 கிலோமீட்டர் கிடைத்தது. பழைய அளவுக்கு இன்னும் இருக்கும் சிறு குறைவைத்தான் எத்தனாலின் பங்காக ஏற்றுக்கொள்கிறேன்.