தண்ணி ஆவியானாலும் நிறை மாறாதுன்னு பசங்களுக்கு எப்படி காட்டுறது?

எல்லாருக்கும் வணக்கம், எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு நிறை மாறா விதி எடுக்குறேன். சுடுதண்ணி டம்ளர டிஜிட்டல் தராசு மேல வச்சா கண்ணு முன்னாடியே கிராம் இறங்கிட்டே வருது, உடனே ஒரு பொண்ணு "அப்போ நிறை அழியுதுல்ல மிஸ்?"னு கேக்குறா. அருமையான கேள்வி. ஆவி காத்தோட போயிடுச்சும்மான்னு வாயால சொன்னா பத்தாது, மூடின பாத்திரத்துல காட்டணும்.

ஜிப்லாக் கவர் சரிவராது, ஏன்னா ஆவியில கவர் உப்பினா சுத்தியிருக்குற காத்த தள்ளும், அந்த காத்து கவர லேசா மேல தூக்குறதால ஒரு லிட்டர் உப்பினாலே தராசு சுமார் 1.2 கிராம் கம்மியா காட்டும், பசங்க இன்னும் குழம்பிடுவாங்க. கண்ணாடி பாட்டில இறுக்கி மூடி அடுப்புல வைக்கவே கூடாது, 1 கிராம் தண்ணி கொதிச்சு ஆவியானா கிட்டத்தட்ட 1.7 லிட்டர் இடம் கேக்கும், வெடிச்சிடும். பிரெஞ்சு வேதியியல் விஞ்ஞானி லவாய்சியே மூடின கண்ணாடிப் பாத்திரத்துல 101 நாள் தண்ணிய காய்ச்சி மொத்த எடை மாறலன்னு காட்டினாரு, எனக்கு இருக்குறது ரெண்டு பீரியட்.

ரெண்டு பிளாஸ்டிக் பாட்டில்ல கொஞ்சமா தண்ணி ஊத்தி, ஒண்ண மூடி ஒண்ண திறந்து வெயில்ல வச்சு, மூடினதுல உள்பக்கம் துளித்துளியா படியுறதையும் காட்டி எடை போடலாம்னு இருக்கேன். 0.1 கிராம் தராசு இதுக்கு போதுமா? எவ்ளோ நேரம் வெயில்ல வச்சா வித்தியாசம் நல்லா தெரியும்? கிளாஸ்ல செஞ்சு பாத்தவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ், வியாழக்கிழமை கிளாஸ் இருக்கு.